பூங்கா ஓர அடுக்குமாடிக்கு ஆட்சேபனை: காசு கொடுத்து வாங்கும் ஆய்வறிக்கையில் எது தேறும்?

பூங்காவை ஒட்டிய காலி மனையைச் சுற்றித் தகரத் தடுப்பு எழுந்த மறுநாளே குடியிருப்போர் நலச்சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கேள்விகள் வந்துவிடும். நல்ல வக்கீல் யார்? ‘ஜோனிங் ரிப்போர்ட்’ யார் எழுதித் தருவார்கள்? இந்த மதிப்புரை இரண்டாவது கேள்விக்கானது. சென்னைப் பெருநகரப் பகுதியில் ஓர் அடுக்குமாடித் திட்டம் மண்டல விதிக்குள் அடங்குகிறதா என்று ஆராய்ந்து, ஆட்சேபனை மனுவோடு இணைக்க அறிக்கை தயாரித்துத் தரும் சேவை அது. ஓய்வுபெற்ற நகரமைப்பாளர்கள், கட்டடக் கலைஞர்கள், வக்கீல் அலுவலகங்கள் என மூன்று தரப்பும் இதைச் செய்கின்றன. தரத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

மதிப்பிட ஒரே அளவுகோல் போதும். திட்ட அனுமதிக் கோப்பைப் பார்க்கும் அதிகாரி, அறிக்கையின் எந்த வரிக்குப் பதில் எழுதியே தீர வேண்டும்? அப்படிப்பட்ட வரிகள் நாற்பது பக்க அறிக்கையில் நான்கு பக்கத்துக்கு மேல் தேறுவதில்லை. அந்த நான்கு பக்கம் சரியாக இருந்தால் கொடுத்த காசு வசூல்.

தேறாத பக்கங்களில் முதல் இடம் பூங்காவுக்குத்தான். எத்தனை மரம், எத்தனை பறவை, காலையில் நடக்க எத்தனை பேர் வருகிறார்கள் என்று பல அறிக்கைகள் படத்தோடு பத்துப் பக்கம் ஓடுகின்றன. படிக்க நன்றாக இருக்கும். ஆனால் 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில், சாதாரண நகரப் பூங்காவுக்குப் பக்கத்தில் இவ்வளவு உயரத்துக்கு மேல் கட்டக் கூடாது என்று ஒரு வரி கிடையாது. சான் பிரான்சிஸ்கோவில் உண்டு. 1984இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய விதிப்படி, 40 அடிக்கு மேற்பட்ட கட்டடத்தின் நிழல் நகரப் பூங்காவில் விழுமானால் தனி ஆய்வு வேண்டும். நம் ஊரில் அந்த விதி இல்லாதபோது நிழல் ஆய்வுக்குத் தனிக் கட்டணம் கேட்கும் ஆலோசகரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடலாம். பத்திரிகைக்குக் கொடுக்க அழகான படம் கிடைக்கும், அவ்வளவே.

1959ஆம் ஆண்டின் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் பாதுகாப்புச் சட்டத்தைச் சிலர் மேற்கோள் காட்டுவார்கள். அது பூங்காவுக்குள் நடப்பதைக் காப்பது. கட்டுநர் பூங்கா மதிலில் வாசல் திறந்தால், பூங்கா வழியாகக் குழாய் போட்டால் அது உதவும். பக்கத்துத் தனியார் மனையில் எத்தனை மாடி என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பெங்களூரு மெடிக்கல் டிரஸ்ட் வழக்கும் இப்படித்தான் இடம் மாறி ஒட்டப்படுகிறது. பூங்காவுக்கென்று ஒதுக்கிய நிலத்தையே மருத்துவமனைக்குக் கொடுத்த வழக்கு அது. பக்கத்து மனைக்கு எதிரான மனுவில் அதைப் பிரதான வாதமாக வைத்தால் எதிர்த் தரப்பு ஒரே வரியில் தள்ளிவிடும். அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு வழக்காடும் தகுதி உண்டு என்று காட்ட மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

நிலப் பயன்பாட்டுப் பக்கம்

அறிக்கையின் முதல் உருப்படியான பக்கம் இதுதான். சென்னைக்கு நடைமுறையில் இருப்பது 2008 செப்டம்பர் 2 அன்று அறிவிக்கப்பட்ட, 2026ஐ இலக்காண்டாகக் கொண்ட இரண்டாவது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்). அதில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு வகைப்பாடு உண்டு: முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு என்று போகும். அறிக்கை வெறுமனே ‘மனை குடியிருப்பு மண்டலத்தில் உள்ளது’ என்று முடித்துவிட்டால் அது அரைவேலை. நல்ல அறிக்கை மூன்று விஷயங்களைச் சேர்த்துச் சொல்லும்.

ஒன்று, சர்வே எண் பொருத்தம். நகரத்துக்குள் பழைய சர்வே எண் வேறு, டவுன் சர்வே எண் வேறு, பிறகு நடந்த உட்பிரிவுகள் வேறு. பத்திரத்தில் ஒன்றும் முழுமைத் திட்டத்தில் இன்னொன்றும் இருக்கும். டவுன் சர்வே பதிவேட்டு நகலும் புல வரைபடமும் தமிழ்நாடு அரசின் இ-சேவை இணையதளத்தில் கிடைக்கின்றன. மனையின் ஒவ்வொரு உட்பிரிவையும் தனி வரியாகப் போட்டு, அதற்கு நேரே வகைப்பாட்டை எழுத வேண்டும். பூங்காவை ஒட்டிய மனைகளில் ஒரு சிறு உட்பிரிவு மட்டும் திறந்தவெளி வகையில் மாட்டிக்கொண்டிருக்கக் கூடும். மொத்தமாக எழுதும் அறிக்கையில் அது தெரியவே தெரியாது.

இரண்டு, வண்ண வரைபடத்தை மட்டும் நம்பாமல் எழுத்தில் உள்ள பதிவேட்டையும், பின்னால் வந்த மண்டல மாற்ற ஆணைகளையும் பார்ப்பது. வரைபடத்தால் வந்த வினைக்கு நியூயார்க்கின் கிழக்கு 96ஆவது தெருக் கட்டடம் பேர்போன உதாரணம். உயரக் கட்டுப்பாடு பார்க் அவென்யூ சாலையிலிருந்து 150 அடி வரை என்பது எழுத்தில் இருந்த விதி. வரைபடத்தில் அந்த இடத்தில் மட்டும் 100 அடி என்று விழுந்திருந்தது. வரைபடத்தை வைத்துக் கொடுத்த அனுமதி செல்லாது என்று 1988இல் தீர்ப்பானது. எழும்பிய 31 மாடியில் மேலே 12 மாடியைக் கழற்றி இறக்கினார்கள்.

மூன்றாவதுதான் பெரும்பாலான ஆலோசகர்கள் தவறவிடுவது: பழைய மனைப்பிரிவு வரைபடம். முழுமைத் திட்டத்தில் குடியிருப்பு என்றே இருக்கும். ஆனால் அந்த இடம் முன்பு அங்கீகரித்த லேஅவுட்டில் பள்ளிக்கோ கடைகளுக்கோ பொதுப் பயன்பாட்டுக்கோ ஒதுக்கிய மனையாக இருக்கலாம். பூங்கா எந்த லேஅவுட்டில் பிறந்ததோ அதே லேஅவுட்டில்தான் பக்கத்து மனையும் பிறந்திருக்கும். பொது மனைகளைப் பூங்காவை ஒட்டிப் போடுவது அந்தக் கால வழக்கமும்கூட. லேஅவுட் அனுமதி எண்ணைப் பிடித்து, அசல் வரைபட நகலை வாங்கி இணைக்காத அறிக்கைக்கு முழுக் கட்டணம் கொடுக்க வேண்டியதில்லை.

சாலை அகலம்: காசு பெறுமானம் இங்கேதான்

எந்த அறிக்கையை வாங்கினாலும் முதலில் இந்தப் பக்கத்தைப் புரட்டுங்கள். கட்டடத்தின் தளப்பரப்பு, உயரம் எல்லாம் கடைசியில் மனைக்கு முன்னால் இருக்கும் சாலையின் அகலத்தில் போய் நிற்கின்றன. 18.30 மீட்டர் உயரம் வரை சாதாரணக் கட்டடம், எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற விகிதம்) 2. அதைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம். அதற்கு 3.25 முழுதாகக் கிடைக்க 18 மீட்டர் சாலை வேண்டும். சாலை குறுகினால் எஃப்.எஸ்.ஐ.-யும் குறையும். அதற்கு மேல் கட்டணம் செலுத்தி வாங்கும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.-யும் சாலையைப் பொறுத்ததுதான்: 18 மீட்டரும் அதற்கு மேலும் என்றால் 50 சதவீதம், 12 முதல் 18க்குள் 40, 9 முதல் 12க்குள் 30. அதாவது 18க்கும் 17.4க்கும் நடுவே உள்ள அரை மீட்டர்ச் சொச்சத்தில் மாடிகள் காணாமல் போகும்.

அந்த அரை மீட்டரில்தான் அளவுப் பிழையும் ஒளிந்திருக்கும். சாலை அகலம் என்பது தார் அகலம் அல்ல. இந்தப் பக்கத் தனியார் எல்லையிலிருந்து எதிர்ப்பக்கத் தனியார் எல்லை வரை, சாலையின் போக்குக்குச் செங்குத்தாக அளப்பது. நடைபாதை, வடிகால் எல்லாம் இதில் சேர்த்தி. சங்கங்கள் தாமாக அளந்து கொடுக்கும் மனுக்களில் தாரை மட்டும் அளந்துவிட்டு ‘பத்து மீட்டர்தான்’ என்று எழுதி அசிங்கப்படுவது அடிக்கடி நடக்கிறது. ஒரு எண் தப்பு என்று தெரிந்தால் மீதி எண்களையும் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கட்டுநர் தரப்பு வரைபடத்தில் எதிர்த் தவறைத் தேட வேண்டும். செங்குத்தாக அளக்காமல் சாய்த்து அளந்தால் அகலம் கூடித் தெரியும். 17.4 மீட்டர் சாலையை 15 டிகிரி சாய்த்து அளந்தால் 18.01 காட்டும். லேசர் மீட்டரில் இது இன்னும் சுலபம். எதிர் மதிலில் சிவப்புப் புள்ளி எங்கே விழுகிறது என்று வெயிலில் தெரியாது. அதனால் காலையிலோ மாலையிலோ அளந்து, எதிர்ப்பக்கம் ஓர் அட்டையைப் பிடிக்க ஆள் நிறுத்தி, புள்ளியை இடமும் வலமும் நகர்த்தி, வரும் அளவுகளில் ஆகக் குறைந்ததை எழுத வேண்டும். அதுவே செங்குத்து அளவு. நல்ல ஆலோசகர் இதை 30 மீட்டர் டேப்பாலும் ஒருமுறை சரிபார்ப்பார்.

எங்கெங்கே அளப்பது என்பதும் முக்கியம். மனை வாசலில் மட்டும் அகலம் இருந்தால் போதாது. உயர்மாடிக் கட்டடத்துக்குத் தேவையான அகலம் சாலை நெடுகக் குறைந்தது 500 மீட்டருக்கு இருக்க வேண்டும். ஆகவே 25 மீட்டருக்கு ஓர் அளவு என்று இருபதுக்கும் மேற்பட்ட அளவுகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே கதவு எண், படம், தேதி. அருகிலேயே புல வரைபடத்தின்படி அந்த இடத்தில் எவ்வளவு அகலம் என்று இன்னொரு பத்தி. இரண்டும் வேறுபடும் இடம் ஆக்கிரமிப்பு. காகிதத்தில் 18, தரையில் 16 என்று நிற்கும். இந்த அட்டவணை இரண்டு பக்கம் வரும். இதற்குத்தான் அதிகாரி நேரில் வந்து டேப் பிடித்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எந்த மரக் கணக்கும் அவரை இருக்கையிலிருந்து எழுப்பாது.

கூட்டல் கழித்தல்

அடுத்தது தளப்பரப்புக் கணக்கு. 1 ஏக்கர் 20 சென்ட் மனை என்று வைத்துக்கொள்வோம். 4,856 சதுர மீட்டர். 3.25 எஃப்.எஸ்.ஐ.-யில் 15,782 சதுர மீட்டர். 50 சதவீத பிரீமியம் சேர்த்தால் 23,673.

இப்போது இன்னொரு சட்டம் உள்ளே வருகிறது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, கட்டுமானப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அங்கே ‘கட்டுமானப் பரப்பு’ என்றால் அடித்தளம், சேவைப் பகுதிகள் உட்பட எல்லாத் தளங்களும் சேர்ந்தது. எஃப்.எஸ்.ஐ. கணக்கிலோ வாகன நிறுத்தம் போன்றவை கழிந்துவிடும். எனவே பிரீமியமே வாங்காமல் 15,782இல் நிறுத்திய திட்டம்கூட, இரண்டு அடித்தள வாகன நிறுத்தத்தைச் சேர்த்தால் 20,000ஐத் தாண்டிவிடலாம். கோப்பில் சின்ன எண் மட்டும் இருக்கும். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் அறிக்கை அரிது. காட்டினால் அந்த ஆலோசகரை விடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. சுற்றுச்சூழல் அனுமதி என்றதும் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும் என்று சங்கங்கள் எதிர்பார்க்கின்றன. கட்டடத் திட்டங்களுக்கு அந்த அறிவிக்கையிலேயே விலக்கு உண்டு. கூட்டம் வராது. மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பத்தைத் தேடிப் பிடித்து ஆட்சேபனையை எழுத்தில்தான் கொடுக்க வேண்டும். அனுமதி கொடுத்துவிட்டால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு. தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அதோடு கதவு மூடிவிடும்.

செட்பேக் (மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உயர்மாடிக்கு 30 மீட்டர் உயரம் வரை சுற்றிலும் 7 மீட்டர், அதற்கு மேல் ஒவ்வொரு 6 மீட்டருக்கும் ஒரு மீட்டர் கூடுதல். 48 மீட்டர் கட்டடம் என்றால் 10 மீட்டர். பூங்காப் பக்கமும் இதே கணக்குத்தான், திறந்தவெளி என்று சலுகை கிடையாது. வரைபடத்தில் பால்கனி நீட்டல்களையும் அடித்தளத்துக்கு இறங்கும் சரிவுப் பாதையையும் பாருங்கள். இடைவெளி கரைவது அங்கேதான்.

18.30க்குக் கீழே நிறுத்திய திட்டங்களில் உயரத்தைக் கூட்டிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. ஸ்டில்ட் எனப்படும் தூண்தள வாகன நிறுத்தம் ஒன்று, மேலே ஐந்து தளம், தளத்துக்கு மூன்று மீட்டர் என்றால் 18. எந்தத் தளத்திலாவது உயரம் மூன்றரை என்று போட்டிருந்தால் கணக்கு உதைக்கும். மொட்டை மாடிப் படிக்கட்டு அறையும் தண்ணீர்த் தொட்டியும் இந்தக் கணக்கில் வராது என்பதால் அவற்றைக் காட்டிச் சண்டை போட வேண்டாம்.

ஓ.எஸ்.ஆர். எனப்படும் திறந்தவெளி ஒதுக்கீட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பூங்கா ஓர மனைகளில் விளையாட்டு இங்கே நடக்கும். 3,000 சதுர மீட்டர் வரை கிடையாது. 3,000 முதல் 10,000 வரை 10 சதவீத நிலத்தை விடலாம், அல்லது வழிகாட்டி மதிப்பில் பணமாகக் கட்டலாம். 10,000ஐத் தாண்டினால் நிலமாகவே தானம் எழுதிக் கொடுக்க வேண்டும். இதனால் 11,000 சதுர மீட்டர் மனை இரண்டு பத்திரமாக, இரண்டு நிறுவனப் பெயரில் பிரிந்து, இரண்டு விண்ணப்பமாக வரலாம். பதிவுத்துறை இணையதளத்தில் 30 ஆண்டு வில்லங்கச் சான்று எடுத்தால் எப்போது பிரிந்தது என்று தேதியோடு தெரியும். இரண்டு கட்டடத்துக்கும் ஒரே வாசல், ஒரே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் என்று விளம்பரத்தில் இருந்தால் அதையும் படியெடுத்து வைக்கவும். வில்லங்கச் சான்றை இணைக்காமல் ‘மனையைப் பிரித்திருக்கிறார்கள்’ என்று எழுதும் அறிக்கை வெறும் குற்றச்சாட்டு.

ஆவணம் யார் எடுப்பது

கட்டணம் பேசும்போதே இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கட்டுநரின் வரைபடம் கையில் இல்லாமல் எழுதும் அறிக்கை யூகம்தான். திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருந்தால் அங்கீகரித்த வரைபடம் அந்த இணையதளத்தில் இருக்கும். 500 சதுர மீட்டருக்கோ 8 வீட்டுக்கோ மேற்பட்டால் பதிவு கட்டாயம். ஆனால் பதிவு நடப்பது திட்ட அனுமதிக்குப் பிறகு. அனுமதிக்கு முன்பே ஆட்சேபிக்க வேண்டுமானால் தகவல் உரிமைச் சட்டம்தான் வழி. மண்டலத்துக்கு உட்பட்ட திட்டத்துக்கு அக்கம்பக்கத்தாரிடம் கருத்துக் கேட்கும் கட்டாயம் இல்லை. மண்டல மாற்றம் கேட்டால்தான் அறிவிப்பு வரும்.

தகவல் உரிமை மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளில். ‘நகல் தருக’ என்று மட்டும் கேட்டால் வணிக ரகசியம் என்று 8(1)(d) பிரிவைக் காட்டி மறுக்க வாய்ப்புண்டு. மூன்றாம் தரப்பு என்று கட்டுநரின் கருத்தைக் கேட்டால் கெடு 40 நாளாக நீளும். அதனால் அதே மனுவில் கோப்பை நேரில் பார்வையிடவும் கேட்க வேண்டும். உள் அலங்கார வரைபடம் வேண்டாம், மனை வரைபடம், சாலை அகலம் குறித்த ஆய்வுக் குறிப்பு, பரப்பு அட்டவணை, நில உரிமை ஆவணப் பட்டியல் ஆகிய நான்கு மட்டும் போதும் என்று குறுக்கினால் மறுப்பது கடினம். மறுத்தால் 30 நாளில் முதல் மேல்முறையீடு, அதன் முடிவு வந்த 90 நாளில் தகவல் ஆணையத்திடம் இரண்டாவது. இந்த மனுவை ஆலோசகரே எழுதித் தருகிறார் என்றால் அது நல்ல சேவை. சங்கத்தின் தலையில் கட்டிவிட்டுக் கட்டணத்தைக் குறைக்காதவரைத் தவிருங்கள்.

மூன்று தரப்பில் யாரை எடுப்பது? சாலை, பரப்பு, செட்பேக் அட்டவணைக்கு நகரமைப்பாளர். வரைபடத்தைத் தோண்ட கட்டடக் கலைஞர் இன்னும் நல்லவர். அடித்தளச் சரிவையும் தள உயரத்தையும் கண்ணாலேயே பிடிப்பார். வக்கீல் அலுவலக அறிக்கைகள் பெரும்பாலும் தீர்ப்புகளின் தொகுப்பு, அளவு இருக்காது. ஒப்புக்கொள்ளும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: கட்டுநர்களுக்குத் திட்ட அனுமதி வாங்கித் தரும் வேலையும் செய்கிறீர்களா? செய்வது தவறல்ல. ஆனால் அப்படிப்பட்டவர் எழுதும் அறிக்கையில் ‘பரிசீலிக்கலாம்’, ‘கவனத்தில் கொள்ளலாம்’ என்று வரிகள் வழுக்கிக்கொண்டே போகும். முன்பு எழுதிய ஓர் அறிக்கையைப் பெயர்களை அழித்துக் காட்டச் சொன்னால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

விடாமல் கேட்டு வாங்க வேண்டிய ஒரு பக்கம் உண்டு. நான்கு பத்தி அட்டவணை: விதி எண், விதி கேட்பது, வரைபடம் காட்டுவது, தரையில் அளந்தது. நான்காவது பத்தி காலியாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். நொய்டாவில் சூப்பர்டெக் நிறுவனத்தின் இரட்டைக் கோபுரங்களை வீழ்த்தியதில் பெரும் பங்கு இப்படியொரு வரிக்குத்தான்: கட்டடங்களுக்கு நடுவே வேண்டியது 16 மீட்டர், இருந்தது 9. 2021 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2022 ஆகஸ்ட் 28 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். தோட்டத்துக்கு என்று காட்டிய இடத்தில் எழும்பியவை அவை. பசுமை பறிபோன வருத்தத்தோடு அளவும் கையில் இருந்தது.

ஆனால் எழுந்து நின்ற கோபுரம் இடிபடுவது எப்போதாவது ஒருமுறைதான். ஆறு மாடி எழுந்தபின் போனால் ‘இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள்’ என்பதே நீதிமன்றத்தின் முதல் கேள்வியாக இருக்கும். ஆகவே அறிக்கை கைக்கு வரும் தேதியை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அனுமதிக்கு முன் என்றால் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) உறுப்பினர் செயலருக்கு, அட்டவணையை முதல் இணைப்பாக வைத்து, ஒப்புகையுடன் விரைவுத் தபாலில். அனுமதி வந்துவிட்டால் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 79ஆம் பிரிவில் மேல்முறையீடு. அனுமதித்த வரைபடத்தை மீறிக் கட்டினால் 56, 57ஆம் பிரிவுகளில் புகார்; கூடவே பணி நிறைவுச் சான்று தரக் கூடாது என்று தனி மனு. அந்தச் சான்று இல்லாமல் மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் கிடைக்காது என்பதால், கட்டி முடித்த பிறகும் கட்டுநர் மறுபடி வந்து நிற்க வேண்டிய வாசல் அது. இந்தக் கட்டத்துக்கு முதல் அறிக்கை உதவாது. எழும்பிய கட்டடத்தைப் புதிதாக அளக்க வேண்டும், அதற்கு ஆலோசகர் தனிக் கட்டணம் கேட்பது நியாயமே.